எரிமலை தூங்கும்போதும் பேசிக்கொண்டிருந்த ஆய்வகம்: ஹவாயின் நூறு ஆண்டு அனுபவம்

2018 மே 3ஆம் தேதி மாலை, ஹவாய்த் தீவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் லெய்லானி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பின் நடுவே தரை பிளந்து லாவா வெளியே வந்தது. அதன்பின் அந்தப் பகுதியில் மொத்தம் 24 பிளவுகள் திறந்தன, சுமார் 35 சதுர கி.மீ. நிலம் லாவாவுக்கு அடியில் போனது, 700க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஆனால் லாவாவுக்கு ஒரு உயிர்கூடப் பலியாகவில்லை.

ஹவாய் லாவா மெதுவாக நகரும், நடந்தே தப்பிக்கலாம், அதனால்தான் யாரும் சாகவில்லை என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. எட்டாவது பிளவிலிருந்து கிளம்பிய லாவா ஆறு சில இடங்களில் மணிக்கு 25 கி.மீ.க்கும் மேல் ஓடியது. பிளவுகளிலிருந்து வந்த கந்தக டை ஆக்சைடு அளவு மீறினால் ஆளைக் கொல்லும். மே 4ஆம் தேதி 6.9 அளவில் நிலநடுக்கமும் வந்தது. சுற்றுலாப் படகு ஒன்று லாவா கடலில் கலக்கும் இடத்துக்கு நெருக்கமாகப் போனபோது, வெடித்துச் சிதறிய கல் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்து 23 பேர் காயப்பட்டார்கள். சாவு வருவதற்கு எத்தனையோ வழி இருந்தது.

நான் இங்கே எழுதப்போவது அந்த லாவாவைக் கக்கிய கீலாவேயா எரிமலையைக் கண்காணிக்கும் ஹவாய் எரிமலை ஆய்வகத்தைப் பற்றி. ஆராய்ச்சி நிறுவனங்கள் பொதுமக்களுக்குப் புவி அறிவியல் சொல்லித்தர வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம், ஆண்டுக்கு ஒருநாள் கதவைத் திறந்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் வரவழைத்து, நான்கு கருவிகளைக் காட்டி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் இடங்களும் இருக்கின்றன. அது போதாது என்பதற்கு இந்த ஆய்வகத்தின் வரலாற்றைவிடத் தெளிவான சாட்சியை நான் பார்த்ததில்லை. அவர்கள் தோற்ற இடங்களும் பதிவாகியிருக்கின்றன, ஜெயித்த இடங்களும் பதிவாகியிருக்கின்றன, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

எப்படித் தொடங்கியது

1902 மே 8ஆம் தேதி, கரீபியன் தீவான மார்டினிக்கில் பெலே மலை வெடித்து, செயின்ட் பியேர் நகரத்தின் 28,000 பேர் சில நிமிடங்களில் இறந்தார்கள். இரண்டு வாரம் கழித்து அங்கே போன அமெரிக்க ஆய்வுக்குழுவில் தாமஸ் ஜாகர் என்ற 31 வயதுப் புவியியலாளர் இருந்தார். பேரழிவு முடிந்தபின் போய்ச் சாம்பலை அளப்பதால் யாருக்கும் பயனில்லை, எரிமலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்து அதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ஹவாயின் கீலாவேயா.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். லோரின் தர்ஸ்டன் என்ற ஹொனலுலு பத்திரிகை அதிபர் உள்ளூர் ஆட்களிடம் நிதி திரட்டினார். 1911 கோடையில் ஃபிராங்க் பெரெ முதல் ஆளாக வந்து ஹலேமாவுமாவு பள்ளத்தின் லாவா ஏரியைக் கவனிக்கத் தொடங்கினார், அவர் வாராவாரம் எழுதிய குறிப்புகள் தர்ஸ்டனின் பத்திரிகையில் வெளியாயின. அதாவது ஆய்வகத்துக்குக் கட்டடம் வருவதற்கு முன்பே அதன் வாரக் குறிப்பு வந்துவிட்டது. 1912இல் ஜாகர் பொறுப்பேற்றார். நிலநடுக்கப் பதிவுக் கருவிகளுக்கான நிலவறையைச் சிறைக் கைதிகள் எரிமலைச் சாம்பலைத் தோண்டி அமைத்தார்கள். ஊரார் காசில் தொடங்கிய நிறுவனம் என்பதால் ஊருக்குப் பதில் சொல்லும் பழக்கம் முதல் நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு. பிறகு வானிலைத் துறை, புவியியல் ஆய்வு நிறுவனம், தேசியப் பூங்காத் துறை என்று கை மாறி, 1947இல் மறுபடி அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் வந்து அங்கேயே நிலைத்தது. இத்தனை கை மாறிய காலத்திலும் 1925 முதல் 1955 வரை ‘வால்கேனோ லெட்டர்’ என்ற இதழை நடத்தினார்கள்.

சைரன் ஊதிய இரவு

இப்போது சுனாமிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதையின் கசப்பான பாடம் அங்கேதான் இருக்கிறது.

1923 பிப்ரவரியில் ரஷ்யாவின் கம்சாட்காவில் பெரிய நிலநடுக்கம். ஜாகரின் கருவி அதைப் பதிவு செய்தது, அலை வரலாம் என்று தீவின் கரையோர நகரமான ஹீலோவின் துறைமுக அதிகாரிக்குச் சொன்னார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலை வந்தது, சேதமும் சாவும் நேர்ந்தன. பத்தாண்டு கழித்து, 1933 மார்ச்சில் ஜப்பானின் சான்ரிக்குவில் நிலநடுக்கம் வந்தபோது அதே ஆய்வகம் அதே மாதிரி எச்சரித்தது. இந்த முறை கேட்டார்கள். படகுகளைக் கடலுக்குள் கொண்டுபோனார்கள், சரக்கை அகற்றினார்கள், ஒரு உயிரும் போகவில்லை. இரண்டுக்கும் இடையில் கருவியோ அறிவியலோ பெரிதாக மாறிவிடவில்லை, எச்சரிக்கையைக் கேட்கும் ஆட்கள்தான் மாறியிருந்தார்கள்.

ஆனால் அந்த நம்பிக்கை தானாக நிலைக்காது. 1946 ஏப்ரல் 1ஆம் தேதி அலூசியன் தீவுகளிலிருந்து வந்த சுனாமியில் ஹவாயில் ஏறத்தாழ 160 பேர் இறந்தார்கள். முன்னெச்சரிக்கை எதுவும் போய்ச் சேரவில்லை. அலை வருகிறது என்று கத்தியவர்களை ஏப்ரல் முட்டாள் தின விளையாட்டு என்று நினைத்தவர்களும் உண்டு. லாவ்பாஹோயெஹோயெ என்ற ஊரில் கடலோரப் பள்ளியின் பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள், அவர்களில் பலர் கடல் உள்வாங்குகிற அதிசயத்தைப் பார்க்கக் கீழே இறங்கிய சிறுவர்கள். இதன் விளைவாக 1949இல் ஹொனலுலு அருகே பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் உருவானது, தீவு முழுக்க சைரன்கள் வந்தன, இனிமேல் பிரச்சினை இல்லை என்று நினைத்தார்கள்.

1960 மே 22ஆம் தேதி சிலி நாட்டில் 9.5 அளவு நிலநடுக்கம். அலை ஹவாய்க்கு வர 15 மணி நேரம் ஆகும், கணக்கு துல்லியமாகத் தெரியும். அன்று இரவு எட்டரை மணி வாக்கில் ஹீலோவில் சைரன் ஊதியது. பெரிய அலை வந்தது நள்ளிரவு ஒரு மணிக்குப் பிறகு. நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் 61 பேர் இறந்தார்கள். பின்னால் ஆய்வாளர்கள் உயிர் பிழைத்தவர்களிடம் பேட்டி எடுத்தபோது ஏறத்தாழ எல்லோருமே சைரனைக் கேட்டிருந்தார்கள், பாதிக்கும் குறைவானவர்களே வெளியேறியிருந்தார்கள். அந்தச் சைரனுக்கு என்ன அர்த்தம், இது முதல் எச்சரிக்கையா, இன்னும் ஒன்று ஊதுமா என்று பலருக்கும் குழப்பம், ஏனென்றால் அதற்குச் சற்று முன்புதான் சைரன் முறையை மாற்றியிருந்தார்கள். சிலர் அலையை வேடிக்கை பார்க்கவே கரைக்குப் போனார்கள்.

இதைப் படிக்கும் தமிழர் யாருக்கும் 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வராமல் இருக்காது. நேரடியான தொடர்பே இருக்கிறது. சுமத்ரா நிலநடுக்கம் நடந்து 15 நிமிடத்தில் அதே ஹவாய் மையம் அறிக்கை வெளியிட்டது, ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கு ஆபத்தில்லை என்று சொல்கிற அறிக்கை. இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு என்று ஒன்றே இல்லாததால் யாருக்குச் சொல்வது என்ற பட்டியலும் அவர்களிடம் இல்லை. நம் கடற்கரைக்கு அலை வர இரண்டு மணி நேரம் ஆனது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல் வந்தது. அலையைக் கணிக்கும் வேலையோடு கரையோர ஊர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையையும் அது செய்கிறது. 2020இல் ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி ஆகிய இரண்டு ஊர்கள் யுனெஸ்கோவின் ‘சுனாமிக்குத் தயார்’ அங்கீகாரம் பெற்றன. வெளியேறும் பாதைக்கு அடையாளப் பலகை, வரைபடம், ஒத்திகை என்று வரிசையாக நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் அந்த அங்கீகாரம் கிடைக்கும். இந்த வேலை நம் கரையில் ஊர் ஊராக நடக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

ஹீலோவிலேயே 1994இல் பசிபிக் சுனாமி அருங்காட்சியகம் ஒன்று உருவானது. ஹவாய்ப் பல்கலைக்கழகக் கடலியலாளர் வால்டர் டட்லியும், 1946 அலையில் தப்பிப் பிழைத்த ஜீன் பிராஞ்ச் ஜான்ஸ்டனும் சேர்ந்து தொடங்கியது. அங்கே மையமாக இருப்பது தப்பியவர்களின் குரல் பதிவுகள். அலை எப்படி உண்டாகிறது என்ற படத்தைவிட, கடல் உள்வாங்கியபோது நாங்கள் மீன் பொறுக்கப் போனோம் என்று ஒரு பாட்டி சொல்வது பிள்ளைகள் மனதில் தங்கும். அறிவியலாளரும் தப்பியவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தொடங்கியது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

வாரம் ஒரு கட்டுரை

சரி, எரிமலை ஆய்வகத்துக்குத் திரும்புவோம். 1991 நவம்பரிலிருந்து ‘வால்கேனோ வாட்ச்’ என்ற கட்டுரை வாராவாரம் வருகிறது. ஆய்வகத்தின் விஞ்ஞானிகளும் அவர்களோடு வேலை செய்பவர்களும் எழுதுகிறார்கள், உள்ளூர்ப் பத்திரிகைகள் போடுகின்றன. மலை கொதிக்கிற வாரத்திலும் வரும், ஒன்றுமே நடக்காத வாரத்திலும் வரும். ஒன்றுமே நடக்காத வாரத்தில் என்ன எழுதுவது? பழைய வெடிப்பின் வரலாறு, ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது, தரை சில மில்லிமீட்டர் உப்புவதை எப்படி அளக்கிறோம், மாட்டுப் பண்ணைக்காரர் வேலியில் படிந்த சாம்பல் எதைச் சொல்கிறது, இப்படி. 2010 முதல் ஜனவரி முழுக்க எரிமலை விழிப்புணர்வு மாதம் என்று பேச்சுகளும் நடைப்பயணங்களும் நடக்கின்றன, மாவட்டப் பேரிடர் துறை, தேசியப் பூங்கா, ஹீலோவில் உள்ள பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து செய்கின்றன. அந்தப் பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கிய எரிமலை ஆய்வு மையம் ஒன்று வளரும் நாடுகளிலிருந்து வரும் எரிமலைக் கண்காணிப்பாளர்களுக்குக் கோடைப் பயிற்சி தருகிறது.

இதெல்லாம் சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் கருவியைப் பார்க்கிற ஆளே எழுதுகிறார், அதே ஆளே ஊர்க்கூட்டத்தில் நிற்கிறார். மக்கள் தொடர்புத் துறை என்று தனியாக ஒருவர் வந்து அவர் சொன்னதை மொழிபெயர்த்துச் சொல்வதில்லை.

2014இல் இதற்குச் சோதனை வந்தது. ஜூன் 27 அன்று புதிதாகக் கிளம்பிய லாவா பாஹோவா என்ற சின்ன ஊரை நோக்கி மாதக்கணக்கில் மெல்ல வந்தது. ஆய்வகமும் பேரிடர் துறையும் ஊரில் வாராவாரம் கூட்டம் நடத்தின. நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். லாவா இப்போது எங்கே, எந்தச் சரிவில் இறங்கும், இதே வேகம் என்றால் எத்தனை நாள் என்று வரைபடத்தை விரித்துச் சொன்னார்கள், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார்கள். லாவா பிரதான சாலைக்குச் சுமார் அரை கி.மீ. முன்னால் நின்றுவிட்டது. ஒரே ஒரு வீடு எரிந்தது. அந்த நாட்களில் பள்ளி மாற வேண்டிவந்த பிள்ளைகளை, இறுகிக் கறுத்த லாவாவைக் கிட்டே போய்ப் பார்க்கக் கூட்டிச் சென்றார்கள். ஒரு பிள்ளையின் பள்ளியை மூடவைத்த அதே லாவாவை அந்தப் பிள்ளையே போய்ப் பார்ப்பதைவிட நல்ல புவியியல் வகுப்பு எனக்குத் தோன்றவில்லை.

2018இல் நடந்தது

ஏப்ரல் 30 அன்று, கீலாவேயாவின் கிழக்குச் சரிவில் 35 ஆண்டுகளாகக் கொதித்துக்கொண்டிருந்த பூவோவோ பள்ளத்தின் அடித்தளம் சரிந்தது. நிலநடுக்கங்கள் கிழக்கு நோக்கி வரிசையாக நகர்ந்தன. மறுநாளே, கீழ்ப்பகுதியில் இருப்பவர்கள் விழிப்பாக இருங்கள் என்று ஆய்வகம் சொன்னது. மூன்றாம் நாள் பிளவு திறந்தது. 2014 கூட்டங்களுக்குப் போன அதே பாஹோவா வட்டார மக்கள்தான் இவர்கள், பேசுகிற முகங்களும் பலருக்குத் தெரிந்த முகங்கள்.

வதந்திகளும் சளைக்கவில்லை. தீவின் தெற்குப் பக்கம் மொத்தமாகச் சரிந்து கடலில் விழுந்து பசிபிக் முழுக்க பேரலை வரும் என்று ஒன்று, வானத்திலிருந்து பச்சை ரத்தினம் கொட்டுகிறது என்று இன்னொன்று. சமூக ஊடகத்தில் ஆய்வு நிறுவனத்தின் ஆட்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எரிமலைப் பிளவின் மேல் மார்ஷ்மெல்லோ மிட்டாய் வாட்டலாமா என்று ஒருவர் கேட்டார். அதற்கும் பொறுமையாக, வேண்டாம், பாதுகாப்பில்லை, கந்தக வாயுவில் வாட்டினால் ருசியும் கெட்டுவிடும், சர்க்கரையோடு கந்தக அமிலம் சேர்ந்தால் வினையும் பலமாக இருக்கும் என்று விளக்கினார்கள். உலகம் முழுக்க அந்தப் பதில் பரவியது. விளையாட்டுக் கேள்வி என்று ஒதுக்கியிருந்தால், எரிமலை வாயுவில் கந்தகம் இருக்கிறது என்பதை அத்தனை பேர் ஒரே நாளில் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் நடக்கும்போது ஆய்வகத்தின் சொந்தக் கட்டடம் சிதைந்துகொண்டிருந்தது. மலை உச்சியின் பள்ளம் 62 முறை சரிந்து, அடித்தளம் 500 மீட்டருக்கும் மேல் கீழே போனது. ஆய்வாளர்கள் கட்டடத்தைக் காலிசெய்து ஹீலோவுக்கு மாறினார்கள். பக்கத்திலிருந்த ஜாகர் அருங்காட்சியகம், 1987 முதல் லட்சக்கணக்கானோர் எரிமலையைப் பற்றித் தெரிந்துகொண்ட இடம், திரும்பத் திறக்கவே இல்லை. தங்கள் கூரை விரிசல் விடும்போதும் ஊருக்குத் தகவல் சொல்வதை அவர்கள் நிறுத்தவில்லை என்பதை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன்.

பெலேயும் தங்கையும்

நிறுவனம் பேசுவது, மக்கள் கேட்பது என்ற ஒருவழிப் பாதையாகவே இதுவரை சொல்லிவந்தேன். எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது.

ஹவாய் மக்களின் எரிமலைத் தெய்வம் பெலே. தன் காதலன் லோஹியாவுவை அழைத்துவரத் தங்கை ஹியியாகாவை அனுப்புகிறாள், தங்கை வரத் தாமதமானதும் கோபத்தில் அவளுக்குப் பிரியமான காட்டை எரிக்கிறாள், பிறகு காதலனையும் கொன்று பள்ளத்தில் புதைக்கிறாள். தங்கை உடலை எடுக்க ஆவேசமாகத் தோண்டுகிறாள், பாறைகள் பறக்கின்றன, இன்னும் ஆழமாகத் தோண்டாதே, தண்ணீர் புகுந்து பெலேயின் நெருப்பை அணைத்துவிடும் என்று தடுக்கிறார்கள். ஹவாய் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த கதை இது. ஆய்வகத்தில் பல காலம் வேலை செய்த டான் ஸ்வான்சன் 2008இல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் இதை எடுத்துவைத்தார். காடு எரிந்தது 15ஆம் நூற்றாண்டில் நீண்ட காலம் ஓடிய லாவாவோடு பொருந்துகிறது, தோண்டியது 1500 வாக்கில் மலை உச்சி சரிந்து பெரும் பள்ளம் உண்டானதோடு பொருந்துகிறது. விஞ்ஞானிகள் அதற்கு முன் அந்தப் பள்ளம் 1790 வாக்கில்தான் உண்டானது என்று நினைத்திருந்தார்கள். பாட்டைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்தப் பிழை இவ்வளவு காலம் நீடித்திருக்காது என்பது அவர் வாதம்.

2018 சரிவில் பள்ளம் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே போனது. 2019 ஜூலையில் அதன் அடியில் உண்மையிலேயே தண்ணீர் ஊறியது. ஏரியாகப் பெருகி, 2020 டிசம்பர் வெடிப்பில் ஆவியாகிப் போனது. 2021இல் எட்டாவது பிளவுக்கு அரசு முறையாகப் பெயர் வைத்தபோது அஹுவைலாவாவு என்ற ஹவாய்ப் பெயரையே வைத்தார்கள். புவி அறிவியலைப் பரப்புவது என்றால் ஊர் ஏற்கெனவே வைத்திருக்கும் அறிவை மதிப்பதும் அதில் சேர்ந்தது.

எட்டாத இடம்

குறையையும் சொல்ல வேண்டும். 1974லேயே தீவின் லாவா ஆபத்து வரைபடம் வெளியானது, பிறகு திருத்தப்பட்டது. ஒன்று முதல் ஒன்பது வரை மண்டலம், ஒன்று மிக ஆபத்தானது. லெய்லானி எஸ்டேட்ஸ் ஒன்றில்தான் இருக்கிறது. 1955இல் அதே வட்டாரத்தில் லாவா வெடித்தது, 1960இல் கபோஹோ என்ற ஊர் அழிந்தது, இருந்தும் மனை போட்டு விற்றார்கள், நிலம் மலிவாக இருந்ததால் மற்ற இடத்தில் வீடு வாங்க முடியாதவர்கள் வாங்கினார்கள். வரைபடம் எல்லோருக்கும் கிடைக்கிற இடத்தில் இருந்தது. கையில் காசு குறைவாக இருப்பவருக்கு வரைபடம் மட்டும் வேறு மனை வாங்கித் தராது. மனை அனுமதி, வீட்டுவசதிக் கொள்கை எல்லாம் ஆய்வகத்தின் கையில் இல்லை, அதனால் 700 வீடுகளுக்கு அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கல்வியால் உயிரைக் காப்பாற்ற முடிந்தது, வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை என்பதை எழுதாமல் விட்டால் இந்த ஆய்வு அரைகுறைதான்.

கொலம்பியாவில் 1985இல் வரைபடத்தால் உயிரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையின் ஆபத்து வரைபடம் அக்டோபரில் தயாராகிவிட்டது, நவம்பர் 13 இரவு சேற்று வெள்ளம் இறங்கி அர்மேரோ நகரத்தைச் சுற்றி 23,000 பேர் இறந்தார்கள். தாள் இருந்தது, அதை நம்பி நடக்கும்படி பல ஆண்டு பழகிய உறவு இல்லை.

2022 செப்டம்பர் கடைசியில் அதே தீவின் இன்னொரு எரிமலையான மவுனா லோவா அசையத் தொடங்கியது. கடைசியாக 1984இல் வெடித்த மலை, அதன்பின் குடிவந்தவர்களே ஏராளம். 1950இல் அதன் லாவா நான்கு மணி நேரத்துக்குள் கடலைத் தொட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. அக்டோபரிலேயே ஆய்வகமும் பேரிடர் துறையும் மலையின் தெற்குப் பக்கத்து ஊர்களில் கூட்டம் போட்டு, எந்தப் பக்கம் பிளந்தால் உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று ஊர்வாரியாகச் சொன்னார்கள். நவம்பர் 27 இரவு மலை வெடித்தது. லாவா வடக்குப் பக்கமாக, ஆளில்லாத சரிவில் இறங்கி, தீவைக் குறுக்கே கடக்கும் நெடுஞ்சாலைக்கு மூன்று கி.மீ.க்கும் குறைவான தூரத்தில் நின்றது.

2024 டிசம்பர் 23 முதல் கீலாவேயா விட்டுவிட்டு லாவா நீரூற்று பீய்ச்சுகிறது, சில மணி நேரம் பீய்ச்சும், பிறகு பல நாள் ஓயும். ஒவ்வொரு ஓய்விலும் தரை எவ்வளவு உப்புகிறது என்று அளந்து, அடுத்தது இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் நடுவில் வரலாம் என்று ஆய்வகம் வெளியிடுகிறது, உப்பும் வேகம் மாறினால் தேதியையும் வெளிப்படையாக மாற்றுகிறது. நேரலைக் கேமராவில் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். தரை உப்பும் வரைபடக் கோட்டைப் பார்த்து அடுத்த நீரூற்று என்றைக்கு என்று ஊகிக்கும் சாதாரண ஆட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள்.